நின்ற பாட்டிலும் படுத்த பாட்டிலும்

பம்பாய்ப் பயணம் - 6

மாதுங்கா ஓட்டல்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, செம்பூரில் நெடுங்காலமாக வாசம் செய்யும் என் நண்பர் ஒருவர், "காலையில் தமிழன் எங்கே சாப்பிடுகிறான் என்று எழுதிவிட்டீர், சாயங்காலம் வேலையிலிருந்து திரும்புகிறவன் வீட்டுக்குப் போவதற்கு முன் எங்கே உட்காருகிறான் என்பதை எழுத வேண்டாமா?" என்று டெலிபோனில் கேட்டார். நியாயமான கேள்வி. கோயிலையும் கடற்கரையையும் மியூசியத்தையும் பார்த்துவிட்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்று பெட்டியைக் கட்டுகிற வழக்கம் நம்மவர்களிடம் அதிகம். ஊர் ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தை நாம் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் கற்பித்தது வேல்ஸ் தேசம். முன்பொரு சமயம் அங்கே மஹன்லெத் என்னும் சிறு சந்தையூரில் தங்க நேர்ந்தது. 1404 ஆம் ஆண்டில் ஓவைன் கிளின்டூர் என்னும் வேல்ஸ் வீரர் இங்கிலாந்து மன்னனை எதிர்த்துத் தம் பார்லிமெண்டைக் கூட்டிய ஊர் அது. 1291 இல் பெற்ற சாசனத்தை ஒட்டி இன்றைக்கும் புதன்கிழமைதோறும் வீதியின் இரு மருங்கிலும் சந்தை கூடுகிறது. சந்தை கலைகிற நேரத்தில், ஆடு வளர்ப்பவரும், பாலாடைக்கட்டி விற்பவரும், வக்கீலும், தபால்காரரும், தாழ்ந்த உத்தரங்களும் கணப்பும் உள்ள பப் ஒன்றினுள் ஒருவர்பின் ஒருவராக நுழைந்து, அரைக் கிளாஸ் பியரை இரண்டு மணி நேரம் எதிரில் வைத்துக்கொண்டு, மழையையும் ஆட்டு விலையையும் யார் வீட்டில் கல்யாணம் என்பதையும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். எழுந்திருங்கள் என்று கடைக்காரர் சொல்வதில்லை. மதுவைத் தொடாதவனாகிய எனக்குங்கூட, எலுமிச்சைப் பானத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரே தகுதியினால், அந்தச் சம்பாஷணையில் ஒரு சிறு பங்கு கிடைத்தது.

ஆனால் அந்தத் தேசத்துச் சமயப் பெரியவர்கள் மதுவைச் சும்மா விட்டுவிடவில்லை. 1881 ஆம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்ஸ் முழுவதும் மதுக்கடைகளை மூட வேண்டும் என்று லண்டன் பார்லிமெண்டிலேயே ஒரு சட்டம் நிறைவேற்றச் செய்தார்கள். சட்டம் வந்த மறுகணமே சட்டத்தைத் தாண்டும் வழியும் வந்துவிடும் அல்லவா? இரவில் தங்கிய இடத்திலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் வந்த உண்மையான வழிப்போக்கனுக்கு மட்டும் பானம் தரலாம் என்று அக்காலத்துச் சட்டம் இடங்கொடுத்திருந்தபடியால், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஊர் ஊராக மனிதர்கள் வழிப்போக்கர்களாக மாறினார்கள். மதுவிலக்குப் பிரசாரகர்களில் புத்திசாலிகளான சிலர் வேறு வழி பார்த்தார்கள்: பானத்தை எடுத்துவிட்டால் மனிதன் உட்கார இடமில்லாமல் போகிறானே என்று, மதுக்கடையின் சாயலிலேயே மேஜை நாற்காலி, பத்திரிகை, விளையாட்டு எல்லாம் வைத்து, காப்பி மட்டும் விற்கும் கூடங்களைப் பிரிட்டனின் பல நகரங்களில் திறந்தார்கள். அவை நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும், அவர்களுக்குப் புரிந்த அந்த உண்மை நம் தேசத்துச் சட்டம் செய்தவர்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் 1937 இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, கல்கியின் உதவியோடு 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியவர் அவர். 1939 ஆகஸ்டில் பம்பாய் நகரத்தில் டாக்டர் கில்டர் என்னும் பார்சி மந்திரி அதையே செய்து பார்த்தார். பின்னர் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 1950 இல் பம்பாய் ராஜ்யம் முழுவதும் பூரண மதுவிலக்கு அமலுக்கு வந்தது. உடம்புக்கு ஆகவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெர்மிட் கிடைக்கும் என்று ஏற்படுத்தியிருந்ததனால், பணம் படைத்தவர்கள் வேல்ஸ் வழிப்போக்கர்களைப் போல நோயாளிகளானார்கள். பணமில்லாதவர்கள், கோவாக்காரக் கிழவிகள் தங்கள் வீட்டு முன்னறையில் ரகசியமாக நடத்திய 'ஆன்ட்டி' வீடுகளுக்கும், அதற்கும் கீழான இடங்களுக்கும் போனார்கள். நகரத்தைச் சுற்றியுள்ள கழிமுகச் சேற்றில், அலையாத்திக் காடுகளுக்குள், இரவெல்லாம் சாராய அடுப்புகள் எரிந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்த வரதராஜ முதலியார் அந்த அடுப்பின் வெளிச்சத்தில்தான் பெரிய மனிதரானார். அவரைப் பற்றிச் சினிமா போதுமான அளவு சொல்லியாயிற்று. நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. கள்ளச் சாராயம் 2015 ஜூனில் மலாட் பக்கத்து மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியதை மட்டும் மறக்காமல் குறித்துவிட்டு மேலே போகிறேன்.

விசித்திரம் என்னவென்றால், அந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னமும் ரத்தாகவில்லை. பல தடவை தளர்த்தப்பட்டு, இன்றைய தினம் சட்டப்படி குடிக்க விரும்புகிறவர் ஒரு நாளைக்கு அயல்நாட்டு மது வகைக்கு 5 ரூபாயும், நாட்டுச் சரக்குக்கு 2 ரூபாயும் கொடுத்துப் பெர்மிட் வாங்க வேண்டும் என்ற நிலையில் நிற்கிறது. பியருக்கும் ஒயினுக்கும் இருபத்தொரு வயது, மற்றவைக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும். 'பெர்மிட் ரூம்' என்று பம்பாய் முழுவதும் தொங்கும் பலகைகளின் பூர்வோத்தரம் இதுதான்.

நண்பர் என்னைச் செம்பூரில் அப்படிப்பட்ட ஓர் அறைக்கு அழைத்துப் போனார். வெளியே பட்டப் பகல். உள்ளே கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிரந்தரமான ராத்திரி. ஒவ்வொரு மேஜையும் ஒரு தடுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வேர்க்கடலையும் வெள்ளரிக்காயும் 'சக்னா' என்ற பெயரில் வருகின்றன. வருகிறவர்கள் பக்கத்து மேஜையைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பார்க்காதது போலத் திரும்பிக் கொள்கிறார்கள். டிபார்ட்மெண்ட் கிளார்க் ஒருவர் தம் மேலதிகாரியைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டதையும், அந்த மேலதிகாரி அவரைக் கண்டு அதற்கும் முன்னதாகவே குனிந்துகொண்டதையும் நான் கண்ணால் கண்டேன். 'தேசி தாரு' விற்கும் கடைகளோ இன்னும் மோசம். காலை எட்டு மணிக்கே பாரம் சுமப்பவர்கள் வரிசையாக நின்று, கிளாஸைக் கவிழ்த்து, உப்பைத் தொட்டு நக்கிக்கொண்டு, பேச்சில்லாமல் போய்விடுகிறார்கள். பல்லாண்டுக் காலம் சர்க்கார் மதுவைத் துரத்திக்கொண்டே இருந்ததன் பலனாக, குடிப்பவன் தன் ஊர்க்காரனிடமிருந்தும் ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டான் என்பது என் அபிப்பிராயம். மஹன்லெத்தின் கணப்பை இங்கே தேடியது வீண்.

"அப்படியானால் சீத்தா கேம்ப்புக்குப் போம்" என்றார் நண்பர்.

மான்குர்டு ஸ்டேஷனில் இறங்கி, மூன்று பேருக்கான ஆட்டோவில் நான்காவது ஆளாக ஒட்டிக்கொண்டு டிராம்பே பக்கம் போனால், ஒரு புறம் அணுசக்தி நகரின் மரங்களும் மதில்களும் நெடுந்தூரம் கூடவே வருகின்றன. 1956 இல் 'அப்சரா' உலையை இயக்கிய டிராம்பே அணுசக்தி ஸ்தாபனந்தான், 1967 இல் ஹோமி பாபாவின் பெயரைத் தாங்கி, இன்று பாபா அணு ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அதன் அண்டையில் ஜனதா காலனி என்றொரு பெரிய குடியிருப்பு இருந்தது. நகரத்தின் மத்தியிலிருந்து அகற்றப்பட்ட ஏழை ஜனங்களை முனிசிபாலிட்டியே கொண்டுவந்து வைத்த இடம். தமிழர்கள் அதில் மிகுதி. அந்த நிலமும் தனக்கு வேண்டும் என்று அணுசக்தி இலாகா கேட்டபோது, கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் ஜனங்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். கோர்ட்டுக்குப் போனார், டில்லியில் பார்லிமெண்டு வாசலிலும் போய் உட்கார்ந்தார். எமர்ஜென்சி வந்துவிட்டது. 1976 மே 17 ஆம் தேதி, மழைக்காலத்துக்குச் சில வாரங்களே இருக்கையில், சுமார் 70,000 பேரைப் பெயர்த்துக் கொண்டுவந்து, கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில் அளந்து போட்ட சிறு மனைகளில் இறக்கினார்கள். அதுவே சீத்தா கேம்ப். குடிசைவாசிகளின் தேசிய சம்மேளனத்தை நிறுவி, 2000 ஆம் ஆண்டில் மாக்சேசே பரிசும், 2011 இல் பத்மஸ்ரீயும் பெற்ற அற்புதம் 2018 இல் காலமானார்.

ஏ செக்டர், டி செக்டர் என்று ஆங்கில எழுத்துக்களால் பெயரிடப்பட்ட பகுதிகளுக்குள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில் நடந்தேன். மசூதியின் பாங்கும், மாதா கோயிலின் மணியும், எங்கோ ஒரு மாரியம்மன் பாட்டும் ஒரே காற்றில் வந்தன. முஸ்லிம்கள் அதிகமாக வாழும் இடமாகையால், நான் நடந்த தெருக்களில் மதுக்கடைப் பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை. முனைக்கு முனை டீக்கடைகள்தாம் இருந்தன. அவற்றில் ஒன்றில், திருநெல்வேலிப் பக்கத்துப் பாய் ஒருவர், தலையில் வெள்ளைத் தொப்பியும் தோளில் ஈரத் துண்டுமாகப் பால் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. முழு டீயா, கட்டிங்கா?"

கட்டிங் என்றேன். பாதி கிளாஸ், விலையும் ஏறக்குறையப் பாதி, இஞ்சி மட்டும் முழுசாக இருந்தது. இங்கே வந்த நாள் நினைவிருக்கிறதா என்று விசாரித்தேன்.

"நான் அப்ப சின்னப் பய. எங்க வாப்பா ஜனதா காலனிக் கடையில இருந்த பாய்லரைத் தலையில தூக்கிட்டு வந்தாரு. இங்க சுத்திலும் சகதி, அண்ணாச்சி. எங்க வீட்டுக்குக் கூரை போடறதுக்கு முந்தியே டீ போட்டாச்சு. எந்த வீட்டுக்காரன் எந்தச் செக்டர்ல இறங்கியிருக்கான்னு ஒருத்தனுக்கும் தெரியலை. எல்லாரும் இங்க வந்துதான் கேட்டுப் போனாங்க."

வீதிப் பெயரும் கதவிலக்கமும் இல்லாத அந்த முதல் நாட்களில், கொதிக்கும் ஒரு பாய்லரே தபாலாபீஸாகவும் விசாரணைக் கூடமாகவும் இருந்திருக்கிறது என்று எண்ணும்போது, அற்புதத்தின் போராட்டத்தைப் பற்றிய கட்டுரைகளில் இப்படிப்பட்ட கடைகளுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாமே என்று தோன்றியது.

நான் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மும்பைப் பதிப்புத் தினத்தந்தியை உரக்கப் படிக்க, படிக்கத் தெரிந்தவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவில் ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காத ஒரு வாலிபனுக்கு, கல்யாணத்துக்குள் ஊர் போய்ச் சேர எந்தப் பஸ்ஸில் ஏறலாம் என்று நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். பெயிண்டிங் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, மறுநாள் பாந்த்ராவில் வேலைக்கு மூன்று ஆள் வேண்டும் என்றார்; ஐந்து நிமிஷத்தில் ஏற்பாடு முடிந்துவிட்டது. சீட்டுப் பணம் கைமாறியது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை, மராத்தியில் இருந்ததைத் தமிழில் சொல்லி, ஒரு பையன் ஒரு கிழவருக்கு நிரப்பிக் கொடுத்தான். கிழவரின் டீக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதை நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். யாரும் கொடுக்கவில்லை, பாயும் கேட்கவில்லை. மஹன்லெத்தில் அரைக் கிளாஸ் பியருக்கு இருந்த சலுகை இங்கே அரைக் கிளாஸ் டீக்கு இருந்தது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெஞ்சியில் ஒரு பெண்ணும் இல்லை. பிளாஸ்க்கையோ தூக்கையோ நீட்டி வாங்கிக்கொண்டு, வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். வேல்ஸ் பப்புகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தனவாம். அதனால் இது சரியென்று ஆகிவிடாது. ஊரில் பாதிப் பேருக்கு இடமில்லாத இடத்தை ஊர்ச் சாவடி என்று நான் மனப்பூர்வமாகப் புகழ முடியவில்லை.

பேச்சு மெல்ல ஓட்டுக்குத் திரும்பியது. மகாராஷ்டிரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வார்டில் உள்ள பெண் வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால், அங்கே மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று சர்க்கார் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டே படம்: நின்றுகொண்டிருக்கும் பாட்டில், படுத்துக்கிடக்கும் பாட்டில். படுத்த பாட்டிலுக்குப் போதிய ஓட்டு விழுந்தால் கடைக்குப் பூட்டு. இதைக் கேட்டதும் எனக்கு வேல்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. 1961 முதல் அங்கேயும், ஞாயிற்றுக்கிழமை பப் திறக்கலாமா என்று வட்டாரந்தோறும் ஏழாண்டுக்கொரு முறை ஜனங்களிடமே கேட்டார்கள்; ஒவ்வொரு வட்டாரமாகத் திறந்துகொண்டே வந்து, 1996 இல் கடைசியாகப் பிடிவாதம் பிடித்த டுவைவோரும் திறந்துவிட்டது. அங்கே நாள் ஆக ஆகப் பாட்டில் எழுந்து நின்றது. இங்கே பெண்கள் கூடிய பல ஊர்களில் அது படுத்துவிட்டது. காரணம் தூரத்தில் இல்லை. அங்கே கடைக்குள் ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது; இங்கே புருஷன் மட்டும் போய்க் காலிப் பையோடு வீடு திரும்புகிறான்.

இதை நான் சொல்லி முடித்ததும், பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், "அப்ப நம்ம பாய் கடைக்கும் ஓட்டு வச்சா என்ன ஆவும்?" என்று வேடிக்கையாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் பிளாஸ்க் நிரம்புவதற்காகக் காத்திருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, "வச்சுத்தான் பாருங்களேன். வீட்ல தண்ணி பிடிக்க ஆளில்லை, இங்க ஒரு கட்டிங்கை வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம். கிளாஸையும் சேர்த்துப் படுக்க வச்சிருவோம்" என்றார்.

பாய் பிளாஸ்க்கை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, காசு எதுவும் வேண்டாம், ஆனால் பெஞ்சியைக் கொஞ்சம் காலி செய்யலாமே என்று மரியாதையாகச் சொன்னார். டிராம்பே கோலிவாடாவின் மீனவர்களைப் பார்க்கப் போவதாக இருந்த நானும் எழுந்தேன். அந்தப் படகுத்துறையைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.