பெயர் சொல்லாத கொடை

கொடுப்பவர் யாரென்று தெரியாமல் கொடுப்பதே உயர்ந்த கொடை என்பது நம் இல்லங்களில் பெரியவர்கள் வாயால் கேட்டுப் பழகிய பேச்சு. அதன் முழுப் பொருளும் நமக்கு விளங்கியது பிரெஞ்சு நாட்டுக் காடொன்றில் நடந்த ஒரு பகற்பொழுதில்தான்.

பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பரந்து கிடக்கிறது ஃபோந்தேன்புளோ காடு. அதன் மேற்கு ஓரத்தில் பார்பிஸோன் என்ற சிற்றூர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஓவியர்கள் குடியேறியதால் புகழ்பெற்ற ஊர் அது. அங்கிருந்து காட்டினுள் சென்று, ஷாயி என்னும் அண்டையூரைச் சுற்றிக்கொண்டு மீண்டும் பார்பிஸோனுக்கே திரும்புவதென்று புறப்பட்டோம்.

காட்டின் நுழைவில் ஒரு பெரும்பாறை. அதில் வெண்கலத்தால் இரு முகங்கள் பதிக்கப்பட்டிருந்தன. தியோதோர் ரூசோ, ழான் பிரான்சுவா மில்லே என்னும் இரு ஓவிய நண்பர்களின் நினைவாக 1884-ல் பதிக்கப்பட்டவை அவை.

அப்பால் முதிர்ந்த ஓக் மரங்கள். அவற்றையும் கடந்தால் அப்ரமோன் பள்ளத்தாக்கின் பாறைக் குவியல்கள். பாறைகளின் அழகில் மயங்கி வழி தவறினோம். எத்திசை நோக்கினும் ஒரே காட்சி. அரைமணி நேரம் அலைந்தபின் ஒரு கல்லின் மீது நீலக் கோடொன்று தெரிந்தது. போன உயிர் திரும்பிற்று. நெப்போலியனின் படையில் போரிட்டுக் காயமுற்ற தெனெக்கூர் என்பவர் 1842 முதல் இக்காட்டில் நடைபாதைகளை வகுத்து, வழிகாட்டும் அடையாளங்களையும் இட்டார். அவர் 1875-ல் மறைந்தார். இன்றும் அந்நீலக் கோடுகள் முகமறியாத வழிப்போக்கர்க்கு வழி காட்டுகின்றன.

அந்த ஓக் மரங்கள் நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவை வெட்டப்படுவதைக் கண்டு பொறாத ரூசோ 1852-ல் அரசுக்கு முறையிட்டார். அதன் பயனாய் 1861-ல் 1,097 ஹெக்டேர் காட்டைப் பாதுகாக்க ஆணை பிறந்தது. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் பூங்கா அமைந்ததோ 1872-ல்தான்.

பிற்பகலில் ஷாயி ஊரின் இடுகாட்டை அடைந்தோம். ரூசோவும் மில்லேயும் அங்கேதான் உறங்குகின்றனர். ஒன்பது மக்களுக்குத் தந்தையான மில்லே வறுமையில் உழன்றவர். 1855-ல், மரத்திற்கு ஒட்டுக்கட்டும் குடியானவன் ஒருவனை அவர் தீட்டினார். அமெரிக்கர் ஒருவர் அதனை 4,000 பிராங்குக்குக் கேட்பதாகச் சொல்லி, பணத்தை அவரிடம் சேர்த்தார் ரூசோ. உண்மையில் அமெரிக்கர் எவருமில்லை, வாங்கியவர் ரூசோதான்!

அந்தக் கல்லறைகளின் முன் நம் கல்லூரி நாள்கள் நினைவுக்கு வந்தன. தேர்வுக் கட்டணம் செலுத்த வழியின்றி அலுவலக வாயிலில் நின்றபோது, “கட்டியாயிற்று, போங்கள்” என்றார் எழுத்தர். கட்டியவர் யாரென்று கூற மறுத்துவிட்டார். நன்றி சொல்ல வழியில்லாத அக்கடன் நெடுங்காலமாக நம் நெஞ்சை உறுத்தி வந்தது. கொடுத்தவர் நம்மைப் பணிய வைக்க விரும்பவில்லை, நிமிர்ந்து நடக்கவே விரும்பினார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மில்லே தலை குனியாமல் அப்பணத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருப்பார் அல்லவா? தேர்வுக் கூடத்திற்கு நாமும் அப்படித்தான் சென்றோம்.

ஷாயிக்கும் பார்பிஸோனுக்கும் இடையே சமவெளி. மாலை மணியோசை கேட்டு, உருளைக்கிழங்கு தோண்டுவதை நிறுத்தித் தலை கவிழ்ந்து நிற்கும் இருவரை மில்லே தீட்டியது இங்கேதான். 1860-ல் 1,000 பிராங்குக்கு விலைபோன அவ்வோவியம், அவர் மறைந்தபின் 1890-ல் 8,00,000 பிராங்குக்குக் கைமாறியது. வாழ்ந்த நாளில் அவருக்கு உதவியது அந்தப் பெருந்தொகையன்று. நண்பர் மறைத்துத் தந்த 4,000 பிராங்கே.

நாம் பார்பிஸோன் திரும்பியபோது மஃரிபு வேளை. ஊர் சேர்ந்ததும் ஏழை மாணவர் ஒருவருக்குக் கட்டணம் செலுத்திவிட வேண்டும், நம் பெயர் அவர் காதுக்கு எட்டக்கூடாது என்று உறுதி கொண்டோம். பழைய கடனைத் தீர்க்க நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றே.