சிப்பிப் பாறைமேல் அரியலூர்

ஊட்டத்தூரில் கிளம்பி அரியலூர் வழியாகச் செந்துறைக்குப் போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மண்ணுக்கடியில் அதே வழி ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டு நீளம். பாறை அடுக்குகள் கிழக்கே மெல்லச் சாய்ந்து கிடப்பதால் மேற்கில் பழையது தலைகாட்டுகிறது. கிழக்கே நகர நகரப் புதியது.

இந்தியா தென்கண்டங்களைவிட்டு விலகியபோது இங்கே நிலம் பிளந்து தாழ்ந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அந்தப் பள்ளத்துக்குள் கடல் வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு வரவிலும் வண்டலும் ஓடுகளும் படிந்தன. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுயிரிகளும் சிப்பிகளும் இங்கே ஏராளம். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பொறுக்கியனுப்பிய ஓடுகளை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்தார். பிறகு வந்த புவியியலாளர் பிளான்ஃபோர்ட் இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். ஓடுகளை வகைபிரித்து விரிவாக எழுதியவர் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, 1874இல் லடாக்கில் இறந்தவர். சென்னைக்காரர்களுக்கே வழி தெரியாத இந்தக் கரம்பைக் காட்டு ஊர்களின் பெயர்கள், அப்போதே ஐரோப்பியப் புவியியல் நூல்களில் ஏறிவிட்டன.

ஓடுகள் படிந்த அடுக்குகளில் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல்; அதை நம்பிச் சிமெண்ட் பிறகுதான் வந்தது. 1939இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை தொடங்கியது; ஊர்ப்பெயரும் டால்மியாபுரம் ஆனது. 1953இல் அந்தப் பெயரை எதிர்த்துத் தண்டவாளத்தில் படுத்துச் சிறைக்குப் போனார் கருணாநிதி. தமிழக அரசியலில் சுண்ணாம்புக்கல்லுக்கும் ஒரு பங்குண்டு என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கல்லக்குடிக் கல் பவளமும் பாசியும் கட்டிய பாறை. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிக் கல் வேறு, வயதிலும் இளையது. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் கனத்த சிப்பிகள் மேடு மேடாகக் குவிந்து இறுகியது. கலியுக வரதராஜப் பெருமாளைத் தூண் வடிவில் கும்பிட வரும் சனம், அந்தச் சிப்பி மேட்டின்மேல்தான் நடக்கிறது. இன்று அரியலூரைச் சுற்றி அரசு ஆலையும் பல தனியார் ஆலைகளும் உண்டு. வெடி வைத்து உடைத்த கல்லைப் பொடித்து, களிமண் கலந்து, 1450 டிகிரிச் சூட்டில் சுட்டால் கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். அந்த ஜிப்சமும் மேற்கே காரைப் பக்கத்துக் களிமண்ணில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. இரண்டும் கடலடி அடுக்குகளில் கிடைப்பவைதான்.

சுரங்கத்தால் ஊருக்கு வேலை வந்தது. கூடவே தூசியும், டிப்பர் லாரிகளுக்குப் பயந்து சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும், கல் தீர்ந்தபின் நீர் நிறைந்து நிற்கும் பள்ளங்களும். இதெல்லாம் அடிக்கடி பேசப்படுவதுதான். பேசப்படாத ஒன்று உண்டு: வயலுக்கடியில் மறைந்து கிடக்கும் அடுக்குகளை முழுச் சுவராகத் திறந்து காட்டுவது சுரங்கம்தான். ஆய்வாளர்கள் ஆலை வாசலில் அனுமதிக்குக் காத்திருப்பது அதற்காகத்தான். அடுத்த வெடியில் அந்தச் சுவர் சூளைக்குப் போய்விடும்.

தானாக அழிந்ததும் உண்டு. கல்லமேட்டில் 1980களில் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த டைனோசரின் கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எலும்பு நொறுங்கிப்போனது. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். 2020இல் குன்னம் ஏரியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. பார்க்கத் திரண்ட கூட்டத்திடம், அவை முட்டையல்ல, கடலடி வண்டலில் உருண்டையாகத் திரண்ட கற்கள் என்று நிபுணர்கள் விளக்க வேண்டியிருந்தது.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. நிலத்தில் சாமி சிலை அகப்பட்டால் தாசில்தாரிடம் ஒப்படைக்கிறோம். சுரங்கச் சுவரில் அம்மோனைட் தெரிந்தால், வெடிக்கு முன் ஒரு புவியியலாளர் வந்து படமெடுத்து, அளந்து, மாதிரி எடுக்கும்வரை இரண்டு நாள் பொறுக்கலாம். உரிமம் கொடுக்கும்போதே இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டால் ஆலைக்குப் பெரிய நட்டமில்லை.