அரும்பாவூர்: வாசலில் ஒரு பட்டறை

பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரத்தில் உள்ளது அரும்பாவூர். ஊருக்குள் நுழைந்தாலே கொட்டாப்புளி ஓசை கேட்கும். இவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு மரங்களில், பெரும்பாலும் ஒரே கட்டையில் செதுக்குகிறார்கள். உளி தவறினால் கட்டை வீண்.

வாசலில் வேலை செய்யும் பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் பெரிய சிலைகளை விட்டுவிட்டார். ஓரடிப் பிள்ளையார் மட்டும்தான். கண் மங்குவதால் முகத்தைக் காலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுகிறார்.

"பச்சை மரத்துல செதுக்கினா வெடிச்சிரும். நிழல்ல காயணும், அவசரம் ஆகாது" என்கிறார்.

வாகை மரம் வைத்திருக்கும் விவசாயிகள், விறகு விலைக்குக் கொடுக்கும் முன் இங்கே ஒருமுறை விசாரிக்கலாம். மரத்துக்கும் மதிப்பு கிடைக்கும். இவர் உளிக்கும் வேலை கிடைக்கும்.