பட்டுப்போன கட்டையைத் தோண்டும் முன்னாடி

லண்டன்ல வீட்டுத்தோட்டம் வெச்சிருக்கீங்களா? இது உங்களுக்குத்தான்.

நைட் டியூட்டி முடிஞ்ச ஒரு காலையில, பட்டுப்போன ஆப்பிள் மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டினேன். செத்த திசுவைப் பார்த்தா வெட்டி எடுக்கணும்னு படிச்ச கை! உள்ளே விரல் தடிமனில், பிறை மாதிரி வளைஞ்ச வெள்ளைப் புழுக்கள். மண்வெட்டி பட்டு மூணு செத்தேபோச்சு.

மருந்தடிக்கலாமான்னு தேடினப்போதான் தெரிஞ்சது, அது ஸ்டாக் பீட்டில் புழு. ஆண் வண்டுக்கு மான்கொம்பு மாதிரி தாடை இருக்குமே, அதேதான். உயிருள்ள மரத்தைத் தொடாது. மண்ணுக்கடியில் உளுத்த மரத்தைத் தின்னே 3 முதல் 7 வருஷம் வளரும். வண்டாகிப் பறக்கிறது ஒரே ஒரு கோடைதான்.

ரிச்மண்ட் பார்க்கில் விழுந்த ஓக் மரங்களை அப்படியே விட்டிருப்பாங்க. சோம்பேறித்தனம்னு நினைச்சிருக்கேன்.

மிச்சப் புழுக்களைக் கட்டையோட அதே குழியில் வெச்சு மூடினேன். ரெண்டு மே மாசம் போயிடுச்சு. இன்னும் எதுவும் வெளியே வரலை.