பழைய நூலும் கைப்பேசியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல்

"கல்கி" வார இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு முடிந்த ஒரு தொடர்கதை, கைப்பேசிக்குள் நூலகமே அடங்கிவிட்ட இந்நாளிலும் புத்தகக் காட்சிகளில் அடுக்கடுக்காக விற்பனையாகிறது என்றால் வியப்பல்லவா, நண்பர்களே! "பொன்னியின் செல்வ"னைத்தான் சொல்கிறேன்.

அதன் ஆசிரியர் கல்கி 1954இலேயே மறைந்துவிட்டார். 1999ஆம் ஆண்டு தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. அன்றுமுதல் எந்தப் பதிப்பகமும் உரிமைத்தொகை தராமல் அவற்றை அச்சிடலாம். ஆகவே ஓவியங்களுடன் கூடிய கெட்டி அட்டைப் பதிப்பும் உண்டு. நெருக்கி அச்சிட்ட மலிவுப் பதிப்பும் உண்டு. (பின்னதில் அச்சுப்பிழைகளுக்குப் பஞ்சமில்லை!) மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களோ ஐந்து பாகங்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்துவிட்டார்கள். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் திரைப்படமும் வந்தது. வேதியியல் மாணவி என்ற முறையில் சொல்வதானால், படம் வினையூக்கிதான். வினை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? என் தந்தையும் இதைத்தான் கேட்டார். கட்டட வேலைக்குச் செல்பவர். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. எங்கள் வீட்டில் மூவருக்கும் கைப்பேசி ஒன்றே. பகலில் அது அவரோடு போய்விடும். இரவு நேரங்களில் நான் அதில் முதல் பாகத்தைப் படித்து முடித்தேன். கதையை அம்மாவிடம் சொல்லச் சொல்ல, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவருக்குத் தாமே படிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. திரையை விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் வரும் 1000 ரூபாயில், செலவு போக மிஞ்சியதைக் கொண்டு முதல் பாகத்தை வாங்கினேன். பாடநூல் அல்லாமல் எங்கள் வீட்டிற்குள் வந்த முதல் புத்தகம் அதுவே. அம்மா எழுத்துக்கூட்டி நாளொன்றுக்கு இரண்டு பக்கம் படிக்கிறார்.

ஒன்றுமட்டும் மனத்தை உறுத்துகிறது. இன்று எழுதுகிற ஒருவரின் முதல் நாவலை நான் வாங்கியிருப்பேனா? மாட்டேன். கையில் ஒரே ஒரு புத்தகத்திற்கான பணம் இருக்கும்போது, ஊரே நல்லதென்று சொன்னதைத்தான் எங்களைப் போன்ற வீட்டார் தேடுவோம். பழைய நூல்கள் விற்பதற்கு அவற்றின் அருமை பாதிக் காரணம் என்றால், எங்கள் அச்சம் மீதிக் காரணம். புதியவர்களைக் கல்லூரி நூலகத்தில் படிக்கிறேன். வீட்டுக்கு வாங்கும்போது பழையவரிடமே போகிறேன்.

அம்மா இப்போது வந்தியத்தேவனோடு கடம்பூர் மாளிகையில் இருக்கிறார். இரண்டாம் பாகத்திற்கு அடுத்த மாதத் தொகை வரவேண்டும்.