முதுகைத் தொடும் முன் மரத்தைப் பற்றிக் கேட்கிறவர்

குலசேகரம் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஓட்டு வீடு, ஒரு வர்ம ஆசானுடையது. முன்னறையில் ஒரு மரக்கட்டில். அடுப்பில் காயத்திருமேனித் தைலம் இளஞ்சூடாகிக் கொண்டிருக்கிறது. காலை முழுக்க ஆளில்லாத திண்ணை, பதினொரு மணிக்கு மேல் நிறைந்துவிட்டது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறையும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போகிறவர்கள், சிரட்டைப் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வர முடியும்.

முதலில் உள்ளே போனவர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். இடுப்பு வலி. ஆசான் கை வைக்கவில்லை.

"உனக்க பிளாக்குல வெட்டு இப்ப எந்த உயரத்துல ஓடுது மக்ளே?"

"முட்டுக்குக் கீழ வந்தாச்சு ஆசானே."

இந்தக் கேள்வியை வேறு எந்த வைத்தியரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒட்டுக்கன்றாக வளர்த்த மரத்தில் முதல் வெட்டை ஏறக்குறைய 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மெல்லிய பட்டைச் சீவல் ஒன்று போக, வெட்டுக்கோடு வருடாவருடம் தரையை நோக்கி இறங்கும். அதே மரம், அதே ஆள். குனிவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது, நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில்.

ஆசானின் அப்பாவும் பால்வெட்டுத் தொழிலாளி. மகன் போனதோ ஊர்க் களரிக்கு, அடிமுறை படிக்க. அங்கே அவர் கைக்குக் கம்புக்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணம்தான் வந்திருக்கிறது. தென்குமரி மரபில் அடிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு அடிபட்டதை எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களோடு அந்த அடியை எடுக்கும் இளக்குமுறைகளையும் சேர்த்தே படிப்பிப்பார்கள். சுளுக்கிக்கொண்ட கூட்டாளிகளே அவருடைய முதல் நோயாளிகள். மழையால் வெட்டு நின்ற ஒரு நாளில் அப்பாவின் தோளைத் தடவியிருக்கிறார்.

"ஒருத்தனும் அடிக்கல்ல. ஆனா அடிபட்டவனைவிட இறுகிக் கிடந்துது" என்கிறார். சண்டைக் காயங்களை விட்டு உழைப்பாளிகளின் பக்கம் வந்தது அப்படித்தான்.

சித்த மருத்துவத்தின் தடவுமுறையான தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. அந்தப் பெண்ணுக்கு அழுத்தலும் பிடித்தலும் மட்டும் போதும் என்றார். இடுப்பை விட்டுவிட்டுத் தொடையின் பின்பக்கத்தில் தொடங்கினார். பெருவிரல் அங்குலம் அங்குலமாக ஏறியது. ஓரிடத்தில் அந்தப் பெண் மூச்சைப் பிடித்ததும் விரல் நின்றது, மூச்சு வெளியே வந்த பிறகே நகர்ந்தது. இடுப்புக்கு வர வெகுநேரம் ஆனது.

அடுத்து ஒரு கபடிக்காரத் தம்பி. மறுநாள் ஆட்டம். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை அழுத்திப் பிழிந்து எடுக்கணுமாம். அந்த அமிலம் ஆடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். 24 முதல் 72 மணி நேரம் வரை வலிப்பது தசையிழைகளில் விழுந்த நுண்கீறல்களும் அவற்றைச் சுற்றிய அழற்சியும். தடவுவதால் அந்த வலி ஓரளவு தணியும். பலம் உடனே திரும்பிவிடாது. ஆசான் வேதியியல் பேசவில்லை. "ஆட்டத்துக்கு முந்தின நாள் அமுக்க மாட்டேன், போய் உறங்கு" என்று லேசாகத் தடவி அனுப்பினார். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்த பெரியவருக்கு அதுவும் இல்லை. இரத்தக்கட்டாக இருக்கலாம், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போகணும் என்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரிந்த இந்தக் கையைத்தான் நான் நம்புகிறேன்.

விளையாட்டு வீரருக்குத் தசை பிடித்துவிட ஆள் வைக்கும் நாட்டில், விடியுமுன் குனிந்தவருக்கு இந்தத் திண்ணை மட்டும்தான் இருக்கிறது. அது எனக்கு ஆறவில்லை.

இடுப்பு வலிக்கு வந்த பெண் கிளம்பும்போது ஆசான் தூண் பக்கம் கூட்டிப்போய் வெட்டிக் காட்டச் சொன்னார். அவர் முழங்கால் விறைக்க இடுப்பிலிருந்து குனிந்தார். "ஒரு முட்டைத் தரையில ஊனிக்கோ. அடுத்த மரத்துக்கு மத்த முட்டு."

"நேரம் பிடிக்குமே ஆசானே. பால் குறைஞ்சா மேஸ்திரி ஏசுவாரு."

"பத்து மரத்துக்கு ஒருக்காவாவது செய்யி."

அவர் இன்னொரு முறை தூணருகே முட்டி போட்டுப் பார்த்தார்.