ஒன்றரைக் கிலோ

நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் என்று நாள் குறித்ததும், முந்தின நாள் மாலை போனில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி எத்தனை மணியோட சாப்பாட்டை நிறுத்தணும் டாக்டரம்மா?" மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டுப் பழகிய விதி அது. இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. முப்பது கிலோ லாப்ரடார் அந்தப் பட்டினியைப் பொருட்படுத்தாது. ஒன்றரைக் கிலோ சிவாவாவுக்கு அதே பட்டினி கத்தியைவிட ஆபத்தானது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுமே குடுக்கல, வயிறு சுத்தமா இருக்கு" என்று பெருமையோடு உள்ளங்கை அளவு நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும். அவர்கள்மேல் பிழையில்லை, நாம்தான் எல்லா நாய்க்கும் ஒரே சீட்டு எழுதிக் கொடுத்துப் பழகியிருக்கிறோம். இத்தனை சிறிய உடம்பில் ஈரலும் சிறிது, தசையும் சொற்பம். சர்க்கரையைச் சேர்த்து வைக்க இடமே இல்லை. செலவோ அதிகம். எடைக்குத் தோல்பரப்பு மிகுதி என்பதால் சூடு சதா வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டச் சர்க்கரை எரிந்துகொண்டே இருக்கும். ஆட்டோவில் வந்த பயம், காத்திருந்த நேரத்து நடுக்கம், எல்லாம் அதே கணக்கில் சேரும். விழித்திருக்கும் நாய் என்றால் தள்ளாட்டத்திலும் சோர்விலும் சர்க்கரை இறங்குவது தெரிந்துவிடும். மயக்கத்தில் கிடக்கும் நாய் எதையும் காட்டாது.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2020-இல் வெளியிட்ட மயக்கமருந்து வழிகாட்டி, இரண்டு கிலோவுக்குக் குறைந்த நாயை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடாதே என்கிறது. என்னுடைய சீட்டு இப்படிப் போகும்: இரவு வழக்கமான சாப்பாடு, படுக்கும் முன் இன்னொரு வாய். காலை ஏழு மணிக்குக் குழைத்த உணவு ஒரு ஸ்பூன். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கவே வேண்டாம். ஒன்பது மணிக்கு அன்றைய முதல் ஆபரேஷன் இந்தச் சிவாவாப் பெண்ணுக்குத்தான். பெரிய நாய்களை முதலில் முடித்துவிட்டு இவளைப் பதினொரு மணி வரை கூண்டில் உட்கார வைக்கும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. உள்ளே வந்ததும் காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம், குளுக்கோமீட்டர். 60-க்குக் கீழே என்றால் மயக்க ஊசியைத் தொடமாட்டோம். டெக்ஸ்ட்ரோஸை நீர்க்கச் செய்து சிரைவழி ஏற்றி, ஏறியதா என்று மறுபடி பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

எடை போடுவது அடுத்தது. கிளினிக் தரையில் கிடக்கும் பெரிய தராசு நூறு கிராம் கூடக் குறையக் காட்டும். முப்பது கிலோவில் அது முந்நூற்றில் ஒரு பங்கு. ஒன்றரைக் கிலோவில் பதினைந்தில் ஒரு பங்கு. அதனால் பத்து கிராம் வரை பிரித்துக் காட்டும் சமையலறைத் தராசில்தான் இவர்களை நிறுக்கிறோம். கழுத்துப் பட்டை, சலங்கை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு. மூன்று நாள் முன் போட்ட எடையை நம்புவதில்லை, அன்று காலை எடைதான் கணக்கு.

மருந்தளவில் இன்னும் நுணுக்கம் உண்டு. சில ஊசி மருந்துகள் இவளுக்கு 0.06 மில்லி, 0.03 மில்லி என்றே வரும். இரண்டு மில்லி சிரிஞ்சில் அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. ஊசி பொருந்தும் கழுத்தில் தங்கி நிற்கும் துளியே அதைவிட அதிகமாக இருக்கலாம். இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கலாம் என்றால், நம் நாட்டு மருந்துக்கடையில் இரண்டு வகை கிடைக்கும். சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். ஆரஞ்சு மூடியில் ஒரு யூனிட் கோடு 0.01 மில்லி, சிவப்பு மூடியில் அதே ஒரு யூனிட் 0.025 மில்லி. அவசரத்தில் கை மாறினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். எங்கள் ஆபரேஷன் அறைக்குள் சிவப்பு மூடி வரக்கூடாது என்பது கண்டிப்பு. மருந்துகளை உரியபடி நீர்க்கச் செய்து, ஒவ்வொரு சிரிஞ்சிலும் பெயர் ஒட்டி வரிசையாக வைப்போம். அட்ரினலின், அட்ரோபின் எத்தனை மில்லி என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பெரிய எழுத்தில் மேசைத் தலைமாட்டில் ஒட்டிவிடுவோம். இதயம் நின்றுபோகும்போது பெருக்கல் வகுத்தல் யாருக்கும் வராது.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நான் செய்யமாட்டேன், காரணம் உண்ணிக் காய்ச்சல். "இவ வீட்டை விட்டு வெளியவே போறதில்லையே, அஞ்சாவது மாடி!" என்பார்கள். உண்ணிக்குப் படிக்கட்டும் லிஃப்டும் ஒன்றுதான். பக்கத்து வீட்டு நாயோடு ஏறி வந்து சுவர் இடுக்கில் தங்கிவிடும். அது பரப்பும் எர்லிக்கியா தொற்று உள்ள நாய் வெளியே நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும். உள்ளே ரத்தத் தட்டுகள் இறங்கியிருக்கும். மொத்தமே 130 மில்லி அளவு ரத்தம் உள்ள உடம்பு இது, ஒரு டம்ளர் காபிக்கும் குறைவு. நாலங்குல காஸ் துணி ஒன்று முழுக்க நனைந்தால் பத்து மில்லி போயிற்று. தட்டுகள் குறைவு என்று அறிக்கை வந்தால் ஆபரேஷனைத் தள்ளி வைத்து, டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் முடித்து, மறுபடி எண்ணிப் பார்ப்பேன். திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனில் நமக்கு இருக்கும் பெரிய வசதியே இந்தத் தள்ளிப்போடும் சுதந்திரம்தான்.

கைப்பரிசோதனையில் இதுபோன்ற சிறிய இனங்களுக்கென்று சில இடங்கள் உண்டு. சிவாவாவுக்கு உச்சந்தலையில் எலும்பு மூடாத மெத்தென்ற இடம் இருக்கலாம். தூக்குகிறவர், மூக்குமூடி பிடிக்கிறவர் எல்லோருக்கும் சொல்லி வைக்கவேண்டும். விழாமல் நிற்கும் பால் கோரைப்பற்களை அதே மயக்கத்தில் பிடுங்கிவிடலாம். தொப்புள் குடலிறக்கம் இருந்தால் அதையும் தைத்துவிடலாம். இரண்டாம் முறை மயக்கம் தேவைப்படாது.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே டாக்டரம்மா, பெண் பிள்ளை" என்று பாட்டிகள் கேட்பார்கள். அந்த ஆசையை நான் அலட்சியப்படுத்துவதில்லை. ஆனால் இவள் இடுப்பு அத்தனை குறுகல், குட்டியின் தலையோ பெரிது. பிரசவமே சிசேரியனில் முடிய வாய்ப்பு அதிகம். நள்ளிரவில், களைத்த உடம்பில் கொடுக்கும் மயக்கம் இன்றைய மயக்கத்தைவிடப் பலமடங்கு ஆபத்து. முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் மடிக்கட்டி வாய்ப்பு, கருத்தடை செய்யாத நாயின் வாய்ப்பில் 0.5 சதவீதம், முதல் ஹீட்டுக்குப் பின் 8, இரண்டாவதுக்குப் பின் 26 என்று 1969-இல் வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். பின்னாளில் அலசியவர்கள் அந்தச் சான்று அத்தனை வலுவில்லை என்றார்கள். எனக்கு வலுவான காரணம் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் பயோமெட்ரா. வயதான சிறு நாயை அந்த நிலையில் மேசையில் ஏற்றிய எவரும் இதில் என்னோடு வாதாடமாட்டார்கள்.

இப்போது சூடு. வெளியே மே மாத வெயில் கொளுத்தும், நாய் குளிர்ந்துபோகும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மயக்க மருந்து ஏறியதும் ரத்தக்குழாய்கள் விரிந்து, நடுவுடம்பின் சூடு கால்களுக்கும் தோலுக்கும் ஓடிவிடுகிறது. முதல் அரைமணியில்தான் வெப்பம் சடசடவென இறங்கும். அதோடு ஏசி, மழித்த வயிறு, ஸ்பிரிட்டின் ஈரம், குழாயில் வரும் வறண்ட ஆக்ஸிஜன். உடம்பு குளிர்ந்தால் மருந்து கரைய நேரமாகும், ரத்தம் உறையவும் நேரமாகும், விழிப்பும் தாமதமாகும். அதனால் மயக்கத்துக்கு அரைமணி முன்பே சூடேற்ற ஆரம்பிக்கிறோம். நான்கு கால்களுக்கும் பிறந்த குழந்தையின் காலுறை. உடம்பைச் சுற்றிப் பொருள் கட்டி வரும் குமிழ்த் தாள். அடியில் வெதுவெதுப்பான காற்று ஓடும் விரிப்பு. தையல் போகும் அகலத்துக்கு மட்டும் மழிப்பு. தோலைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், குளோர்ஹெக்ஸிடினும் வெதுவெதுப்பான சலைனும் போதும். வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடப் பை இரண்டையும் நேராக உடம்போடு வைக்க அனுமதிப்பதில்லை. சுட்டால் நகர்ந்துகொள்ள மயங்கிய நாயால் முடியாது. தோல் வெந்தது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

மற்றவை வழக்கம்போல நடக்கும். முன்னங்காலில் மஞ்சள் நிற 24 நம்பர் கேனுலா, மூச்சுக்குழலில் மூன்று மில்லிமீட்டர் குழாய், மூச்சைத் தடுக்காத எளிய டி-பீஸ், மணிக்கு ஏழெட்டு மில்லி என்று எண்ணி இறங்கும் சலைன். வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்கள் கை பழகியது பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து கிலோ தெருநாய்களில். அந்தக் கை இங்கே அறுக்கும் வேலைக்கு அப்படியே உதவும். உதவாதது அங்கே பழகிய வேகம். இங்கே கர்ப்பப்பைத் தசைநார் நூல் கனம், மெல்ல இழுத்தாலே அறுந்துவிடும்.

தலை தூக்கி உட்கார்ந்ததும் மறுபடி ஒரு குளுக்கோமீட்டர், பிறகு ஒரு ஸ்பூன் குழைந்த சாதம். வீட்டுக்கு அனுப்பும்போது கழுத்தில் மாட்டும் கூம்பு அவள் தலையைச் சாய்த்துவிடும் என்பதால், கைக்குழந்தையின் பனியனில் வால் இடத்தை வெட்டிக் கொடுப்போம். வலிமருந்துச் சொட்டு ஒரு வேளைக்கு 0.1 மில்லிதான், சிரிஞ்சில் அந்தக் கோட்டை மார்க்கரால் இழுத்து, வீட்டுக்காரரையே ஒருமுறை எங்கள் முன் எடுத்துக் காட்டச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதுவும் ஒரு துண்டுகூடக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அவள் ஈரலைக் கெடுக்கப் போதும். கட்டில், சோபா ஏறி இறங்க விடாமல் பத்து நாள். சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, நேரம் பார்க்காமல் போன் செய்யச் சொல்லி என் சொந்த எண்ணைத்தான் சீட்டில் எழுதுகிறேன்.